குழாயில் ஓடும் நீரை ஒலியால் அளத்தல்

அந்தமான் தீவுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சென்னை நகரம் பெறும் மழையைப் போல் இது இரு மடங்குக்கும் மேற்பட்டதாகும். தென்மேற்குப் பருவக் காற்றும் வடகிழக்குப் பருவக் காற்றும் இத்தீவுகளை நனைத்துச் செல்கின்றன. அவ்வாறிருந்தும், ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில் தலைநகரில் குடிநீரைப் பங்கிட்டு அளிக்க வேண்டிய நிலை பன்முறை ஏற்பட்டுள்ளது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில், வறட்சி மிகுந்த ஆண்டுகளில் மூன்று நாட்களுக்கு ஒருமுறையே குழாயில் நீர் வந்ததுண்டு. தீவுகள் ஒடுங்கியவை, மலைச்சரிவுகள் செங்குத்தானவை. பெய்த மழை நிலத்தில் தங்காமல் விரைவில் கடலைச் சேர்ந்துவிடுகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று சிறப்பித்துக் கூறத்தக்கது வட அந்தமானிலுள்ள கல்போங் ஒன்றே. ஆகவே தலைநகரம் தனிக்காரி ஓடையின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தையே பெரிதும் நம்பியுள்ளது.

தேக்கத்தில் எவ்வளவு நீர் இருக்கின்றது என்பதை அளவுகோலைப் பார்த்து அறியலாம். வீட்டுக்கு எவ்வளவு வருகின்றது என்பதைக் குடம் வைத்துப் பிடிக்கும் இல்லத்தரசி நன்கறிவாள். இவ்விரண்டுக்கும் இடையில் நேர்வதே கண்ணுக்குப் புலப்படாதது. அங்கு நீர் மண்ணுக்கடியிலுள்ள குழாய்களில் ஓடுகின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தலைநகரைச் சுற்றியுள்ள நிலப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நிலம் அசையும் இடத்தில் குழாய் இணைப்புகளும் அசையும் என்பது சொல்லாமலே விளங்கும். ஓரிடத்தில் நீர் குறைந்தால், தேக்கத்திலிருந்து குறைவாக விடப்பட்டதா, வழியில் கசிந்ததா, வேறொரு கிளைக்குத் திரும்பியதா என்னும் வினாக்கள் எழுகின்றன. அளவு இல்லாதபோது இவ்வினாக்களுக்கு விடை கிடைப்பதில்லை, வாக்குவாதமே மிஞ்சுகின்றது. இத்தீவுகளின் கிராமப்புற வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு அளிக்கப்பட்டுவிட்டதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. இணைப்பு இருப்பது ஒன்று. அதில் ஓடும் நீரின் அளவு மற்றொன்று.

குழாயில் ஓடும் திரவத்தை அளக்கும் முறைகள் பல. குழாயை ஓரிடத்தில் ஒடுக்கி, அங்கு அழுத்தம் எவ்வளவு குறைகின்றது என்று பார்ப்பது வெஞ்சுரிக் குழாயின் முறை. நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுவது வீட்டு மீட்டரின் முறை. காந்தப் புலத்தினூடே நீர் செல்லும்போது தோன்றும் மின்னழுத்தத்தை அளப்பது மற்றொரு முறை. மைக்கேல் பாரடே 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்று நீரில் இதைச் செய்துபார்க்க முயன்றார். இம்முறைகள் யாவும் தத்தம் இடத்தில் சிறந்தவையே. ஆனால் இவற்றைப் புதிதாகப் பொருத்த வேண்டுமெனில் நீரை நிறுத்திக் குழாயை வெட்ட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் பெறும் ஊரில், முதன்மைக் குழாயை வெட்டுவதற்கு நாள் குறிப்பதே ஒரு பெரும் பணி. குழாயைத் தொடாமல், ஏன், வால்வைக்கூட மூடாமல் அளப்பதற்கு உதவுவது மீயொலிப் பாய்வுமானி.

ஒலியின் ஓட்டப் பந்தயம்

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியை உணரும். அதற்கு மேற்பட்டதே மீயொலி, அதாவது கேளா ஒலி. நீர்க் குழாய்களுக்கான பாய்வுமானிகளில் பெரும்பாலும் வினாடிக்கு சில லட்சம் முதல் சில பத்து லட்சம் வரை அதிர்வுகள் கொண்ட ஒலி பயன்படுகின்றது. இதை உண்டாக்குவது ஒரு சிறு வில்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகின்றது என்பதை 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டனர். அவ்வகைப் படிகத்துக்கு மின்சாரம் செலுத்தினால் அது விரிந்து சுருங்கி ஒலியை எழுப்பும். எனவே ஒரே வில்லை வாயாகவும் செவியாகவும் செயற்படும். களப்பணியாளர் இதனைச் சென்சார் என்றே வழங்குவர்.

கருவியின் தத்துவத்தை விளங்கிக்கொள்ள, அலையாத்திக் காடுகளுக்கிடையே ஓடும் ஒரு கடற்கழியை மனத்தில் கொள்ளலாம். நீர் வற்றும் வேளையில் கழியின் ஓட்டம் கடலை நோக்கி இருக்கும். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு, ஓட்டத்தோடு சாய்வாகத் தோணி சென்றால் விரைவில் சேரும். அதே கோட்டில் திரும்பி வருகையில் ஓட்டத்தை எதிர்க்க வேண்டியிருத்தலின் அதிக நேரம் பிடிக்கும். தோணிக்காரன் இரு முறையும் ஒரே வலிமையோடு துடுப்புப் போட்டிருந்தால், இவ்விரு நேரங்களையும் கொண்டு கழியின் ஓட்ட வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாய்வுமானியில் தோணிக்குப் பதில் ஒலித் துடிப்பு. கரைகளுக்குப் பதில் குழாயின் இரு பக்கங்கள். இரண்டு சென்சார்கள் எதிரெதிரே, ஒன்று சற்று முன்னும் மற்றொன்று சற்றுப் பின்னுமாக அமைந்து, மாறிமாறி ஒலியை அனுப்பியும் பெற்றும் வருகின்றன.

ஆனால் இப்பந்தயத்தில் நேர வேறுபாடு மிக மிகச் சிறியது. உள்விட்டம் 300 மில்லிமீட்டர் உள்ள குழாயொன்றில் நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும், ஒலி குழாயின் அச்சுக்கு 45 டிகிரி சாய்வில் கடப்பதாகவும் கொள்வோம். ஒலியின் பாதை 42.4 சென்டிமீட்டர். நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஆகவே பயண நேரம் 283 மைக்ரோ வினாடி, அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் 283 பங்கு. ஓட்டத்தோடு செல்வதற்கும் எதிர்த்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடோ 0.27 மைக்ரோ வினாடி மட்டுமே. பயண நேரத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிது குறைவு. அளவில் ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமெனில் இந்த 0.27-லும் நூறில் ஒரு பங்கை அறிய வேண்டும். மின்னணுவியல் வளர்ந்த பின்னரே இது கைகூடிற்று. ஜப்பானில் டோக்கியோ கெய்கி என்னும் நிறுவனம் 1963-இல் இவ்வகைப் பாய்வுமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரவத்தில் மீயொலி செல்வதைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது: திரவத்தினூடே செல்லும் மீயொலி அலைகள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றன என்பதற்குரிய கொள்கையை 1935-இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனும் நாகேந்திர நாத்தும் வகுத்தனர்.

வெப்பத்தின் தொல்லையும் அது நீங்கும் விதமும்

1826-இல் ஜெனீவா ஏரியில் கொலடான், ஸ்டர்ம் என்னும் இருவர், நீருக்கடியில் மணியடித்து ஒலியின் வேகத்தை அளந்தனர். 8 டிகிரி வெப்பநிலையில் வினாடிக்கு 1,435 மீட்டர் எனக் கண்டனர். அந்தமானின் ஓடை நீர் அவ்வளவு குளிர்ந்ததன்று. 25 டிகிரியில் ஒலியின் வேகம் 1,497 மீட்டர். 30 டிகிரியில் 1,509. அதாவது நீர் ஒரு டிகிரி சூடேறினால் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் விரைவாகின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் நீரோட்டம் ஒலிக்கு அளிக்கும் உதவி வினாடிக்கு 0.7 மீட்டரே. எனவே ஒரு திசையில் மட்டும் நேரத்தை அளந்தால், ஒரு டிகிரி வெப்ப மாற்றம் நீரோட்டத்தைப் போல் மும்மடங்குக்கும் மேலான பொய்யைக் காட்டிவிடும்.

இரு திசைகளிலும் அளப்பதன் சிறப்பு இங்குதான் வெளிப்படுகின்றது. உயர்நிலைப்பள்ளி மாணவர் இதனை எளிதில் செய்துபார்க்கலாம். பாதையின் நீளத்தை முதல் நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஒலியின் வேகமும் நீரோட்டத்தின் பங்கும் சேர்ந்த தொகை. இரண்டாம் நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஒலியின் வேகத்திலிருந்து நீரோட்டத்தின் பங்கு நீங்கிய மீதி. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஒலியின் வேகம் மறைந்துவிடுகின்றது. எஞ்சுவது நீரோட்டத்தின் பங்கைப் போல் இரு மடங்கு. நீர் குளிர்ந்ததா, வெதுவெதுப்பானதா என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஒருங்கமை சமன்பாடுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கழிப்பதற்குப் பதிலாக இரண்டையும் கூட்டினால் என்ன ஆகும்? அப்போது நீரோட்டம் மறைந்து, ஒலியின் வேகம் இரு மடங்காக எஞ்சும். இதுவும் வீணன்று. பெரும்பாலான கருவிகள் இவ்வெண்ணையும் முகப்பில் காட்டுகின்றன. 28 டிகிரியில் நன்னீருக்கு அது 1,504-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதே வெப்பநிலையில் கடல் நீருக்கு ஏறத்தாழ 1,540. நன்னீர்க் குழாயில் இவ்வெண் பெரிதும் மாறிக் காணப்பட்டால், பாய்வின் அளவை நம்புவதற்கு முன் நின்று ஆராய்தல் வேண்டும். அனுபவமுள்ள பணியாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

குழாய்க்கு வெளியே பொருத்துதல்

சென்சார்களைக் குழாயில் துளையிட்டு நீரைத் தொடுமாறு அமைப்பது ஒரு வகை. பெரிய நீர்மின் நிலையங்களின் அழுத்தக் குழாய்களில் இவ்வாறு பல இணைச் சென்சார்களை வைத்துப் பல பாதைகளில் அளப்பதுண்டு. மற்றொரு வகை, குழாயின் வெளிப்புறத்திலேயே சென்சார்களைப் பட்டையால் இறுக்கிக் கட்டுவது. ஒலி குழாய்ச் சுவரை ஊடுருவி நீருக்குள் செல்கின்றது. கண்ணாடியில் புகும் ஒளிபோல அது எல்லையில் வளைகின்றது. வெளியே கட்டும் முறையில் ஒலி நீருக்குள் 45 டிகிரி அளவுக்குச் சாய்வாகச் செல்வதில்லை. ஆதலின் நேர வேறுபாடு மேலும் குறையும். இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, இரு சென்சார்களையும் ஒரே பக்கத்தில் வைத்து, ஒலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புமாறு செய்வர். பாதை இரட்டிக்க, வேறுபாடும் இரட்டிக்கின்றது.

இக்கருவியைப் பெட்டியில் வைத்து ஜீப்பிலோ படகிலோ எடுத்துச் செல்லலாம். காலையில் ஒரு கிராமத்திலும் மாலையில் மற்றொன்றிலும் அளக்கலாம். ஆயினும் எளிதில் பொருத்தக்கூடியது என்பதனாலேயே எளிதில் தவறாகவும் பொருத்தப்படுவது இது. நேரத்தைக் கருவி பிழையின்றி அளந்தாலும், குழாயைப் பற்றிய செய்திகளை அதற்குச் சொல்ல வேண்டியவர் பணியாளரே.

அவற்றுள் தலையாயது உள்விட்டம். கருவி அறிவது நீரின் வேகத்தை மட்டுமே. வேகத்தைக் குழாயின் குறுக்குப்பரப்பால் பெருக்கினால்தான் வினாடிக்கு இத்தனை லிட்டர் என்னும் கணக்கு வரும். மேற்கண்ட 300 மில்லிமீட்டர் குழாயில் அது வினாடிக்கு 70.7 லிட்டர், நாளொன்றுக்கு 61 லட்சம் லிட்டர். நகரங்களுக்கு விதிக்கப்பட்ட அளவாகிய ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 45,000 பேருக்கு இது போதும். அதே குழாய் பழைய வார்ப்பிரும்புக் குழாயாக இருந்து, உள்ளே சுற்றிலும் 5 மில்லிமீட்டர் துருவும் படிவும் ஏறியிருக்குமாயின், நீர் செல்லும் விட்டம் 290 மில்லிமீட்டரே. வேகத்தைக் கருவி சரியாக அளந்தாலும், பரப்பு மிகையாகக் கொள்ளப்படுவதால் விடை 7 சதவீதம் மிகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர், அதாவது 3,000 பேருக்குரிய நீர், ஏட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்! நல்வாய்ப்பாக, இத்தகைய பிழையை ஒலி வேக எண் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஒலி கடக்கும் தூரம் கருவி எண்ணியதைவிடக் குறைவாதலால், அவ்வெண் எதிர்பார்த்ததைவிட வெளிப்படையாக மிகுந்து நிற்கும்.

அடுத்தது காற்று. நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுவதுமே திருப்பியடிக்கப்படுகின்றது. குமிழிகள் மிகுந்த நீரில் துடிப்பு மறுபுறம் சேராது. மேடுபள்ளமான தீவில் குழாய் குன்றேறி இறங்கும். உச்சிகளில் காற்றுத் தங்கும். பங்கீட்டு முறையில் நீர் விடும் ஊர்களில் இத்தொல்லை மேலும் மிகுதி. வால்வைத் திறந்ததும் முதலில் வருவது வெற்றுக் குழாயில் அடைபட்டிருந்த காற்றே. சக்கர மீட்டர் அக்காற்றினாலும் சுழன்று அதை நீராகக் கணக்கிட்டுவிடும். மீயொலிக் கருவியோ பேசாதிருந்துவிடும், அல்லது பொருளற்ற எண்களைக் காட்டும். பொய்யுரைப்பதைவிடப் பேசாதிருத்தல் நலமே. ஆயினும் குழாய் முழுவதும் நிரம்பிச் சீராக ஓடத் தொடங்கிய பின்னரே அளவைக் குறிக்க வேண்டும். கிடைமட்டக் குழாயில் சென்சார்களை உச்சியிலோ அடியிலோ கட்டாமல் பக்கவாட்டில் கட்டுவதும் இதனாலேதான். உச்சியில் காற்று, அடியில் வண்டல்.

மூன்றாவது, நீரோட்டத்தின் வடிவம். குழாயின் நடுவில் நீர் விரைவாகவும் சுவரையொட்டி மெதுவாகவும் ஓடுகின்றது. ஒலி நடுவழியே கடப்பதால் அது உணரும் சராசரி வேகம், முழுக் குறுக்குப்பரப்பின் சராசரியைவிடச் சற்று மிகை. நீர்க் குழாய்களில் இயல்பான கொந்தளிப்பு ஓட்டத்துக்கு இதனைக் கருவியே திருத்திக்கொள்கின்றது. ஆனால் வளைவையோ பாதி மூடிய வால்வையோ பம்பையோ கடந்து வந்த நீர் சுழன்றும் ஒருபக்கம் சாய்ந்தும் ஓடும். அங்கு அத்திருத்தம் பொருந்தாது. சென்சாருக்கு முன் குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கும், பின் ஐந்து மடங்கும் நேரான நீளம் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. பம்பை அடுத்து இன்னும் கூடுதலாக வேண்டும். இடம் வசதியாக இருக்கின்றதென்று பம்பு அறைக்குள்ளேயே கட்டிவிடுவது பரவலாகக் காணும் தவறு.

மேற்பரப்பைத் துப்புரவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்று படும் தீவில் குழாயின் வெளிப்புறம் துருவேறி உப்பியிருக்கும். அதனைச் சுரண்டி, தேய்த்து, சென்சாருக்கும் குழாய்க்கும் இடையே காற்றுப் புகாதவாறு கிரீஸ் தடவி இறுக்க வேண்டும். நிலையாகக் கட்டிய இடங்களில் கிரீஸ் காய்ந்துபோவதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழிவுநீர்க் கால்வாய்க் குழாய்களிலும் மிகக் கலங்கிய நீரிலும் வேறொரு மீயொலி முறை கையாளப்படுகின்றது. நீரில் மிதந்து செல்லும் துகள்கள் ஒலியைத் திருப்பியனுப்பும்போது அதன் அதிர்வெண் சிறிது மாறுகின்றது. ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் 1842-இல் கூறிய விளைவே இது. துகளற்ற தெளிந்த நீரில் இம்முறை பயன்படாது.

கசிவைக் காணுதல்

ஒரு குழாயின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே நேரத்தில் அளந்தால் இடையில் இழந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும் என எண்ணத் தோன்றும். எண்ணம் சரியே, ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. வினாடிக்கு 70.7 லிட்டர் ஓடும் குழாயில் ஒவ்வொரு கருவியிலும் ஒரு சதவீதப் பிழை இருக்கலாமெனில், ஒவ்வொன்றும் 0.7 லிட்டர் கூடியோ குறைந்தோ காட்டலாம். இரண்டின் வேறுபாட்டில் ஏறத்தாழ 1 லிட்டர் ஐயம் தங்கிவிடும். அதற்குட்பட்ட கசிவை இம்முறையால் உறுதியாகச் சொல்ல இயலாது. வினாடிக்கு 1 லிட்டர் என்பது கேட்பதற்குச் சிறிது. நாளொன்றுக்கு அது 86,400 லிட்டர், 640 பேருக்குரிய நீர். ஆகவே ஒரே கருவியையே இரு முனைகளிலும் அடுத்தடுத்துக் கட்டி அளந்து, கருவிக்குக் கருவி உள்ள வேறுபாட்டைக் குறைத்துக்கொள்வது நன்று. அவ்வாறு செய்கையில் இரு அளவுகளுக்கும் இடையே ஓட்டம் மாறாதிருக்குமாறு கவனிக்க வேண்டும்.

பின்னிரவில் ஊர் உறங்கும் வேளையில் ஓடும் நீர் பெரும்பாலும் கசிவே என்று கொண்டு அளக்கும் முறை, இருபத்து நான்கு மணி நேரமும் நீர் வழங்கும் நகரங்களில் சிறந்தது. பங்கிட்டு விடும் ஊரில் இரவில் குழாயே வறண்டிருக்கும். அங்கு இம்முறையைப் புத்தகத்தில் உள்ளபடி கையாள்வதில் பயனில்லை. நீர் விடும் நேரத்திலேயே, வீட்டு இணைப்புகள் இல்லாத நீண்ட குழாய்ப் பகுதிகளைத் தேர்ந்து அளப்பதே பொருத்தமாகும். நீர்த்தேக்கத்திலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரையுள்ள குழாய் இதற்கு இயல்பாகவே தகுந்தது.

கருவி சரியாகக் காட்டுகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? கேரளத்தில் பாலக்காட்டிலுள்ள திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் 1987-இல் நிறுவப்பட்டது. பாய்வுமானிகளை முறைப்படி சோதித்துச் சான்றளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. ஆனால் தீவிலிருந்து ஒவ்வொரு முறையும் கடல் கடந்து கருவியை அனுப்ப இயலாது. அன்றியும், ஆய்வுக்கூடத்தின் தூய குழாயில் சரியாகக் காட்டிய கருவி துருவேறிய குழாயிலும் அவ்வாறே காட்டும் என்பதற்கு உறுதியில்லை. களத்திலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியொன்றின் உள்வரத்தை அடைத்துவிட்டு, அளக்கவேண்டிய குழாய் வழியே மட்டும் நீரை விட வேண்டும். மட்டம் 50 சென்டிமீட்டர் இறங்கினால் வெளியேறியது 39,270 லிட்டர். வினாடிக்கு 70.7 லிட்டர் என்று கருவி காட்டுமாயின் இதற்கு 9 நிமிடம் 15 வினாடி ஆக வேண்டும். மட்டத்தைப் படிப்பதில் அரை சென்டிமீட்டர் தவறினாலும் பிழை ஒரு சதவீதமே. 10 சென்டிமீட்டர் மட்டும் இறக்கிப் பார்த்து அவசரப்பட்டால் அதே தவறு 5 சதவீதமாகிவிடும். இரண்டு கணக்குகளும் ஒவ்வாவிடில் முதலில் தொட்டியின் மற்ற வால்வுகள் நன்கு அடைபட்டுள்ளனவா என்று பார்த்து, அதன்பின் குழாயின் உள்விட்டத்தையும், கடைசியாகக் கருவியையும் ஐயுற வேண்டும்.